பிரீமியம் அண்ணையின் உடம்புக் கணக்கு

லண்டனில் இலவச வைத்தியத்துக்கு விலை கேட்டுச் சண்டை பிடித்த ஒரே மனிதர் பிரீமியம் அண்ணைதான். நான் கூட்டிச் சொல்லவில்லை. டூட்டிங்கில் எங்கள் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். எங்கள் ஜீபியின், அதாவது குடும்ப டொக்டரின், வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய பச்சைத் தொப்பி தெரிந்தவுடன் ஏதோ ஞாபகம் வந்தவள் போல எழும்பி உள்ளே போய்விடுவாள். இன்னொருத்தி வந்து உட்கார்வாள், அவரைக் காண்பாள், அவளும் போவாள். ஒருமுறை மேசையில் ஒருவருமே இல்லாமல் கால் மணித்தியாலம் நின்றிருக்கிறோம்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அது அவருக்கு வரும் கடிதங்களின் உறையில் மட்டும் இருந்தது. சுவிஸில் இருபது வருடத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவர். அந்த நாட்டில் மருத்துவக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம். மாதாமாதம் கொம்பனிக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். அதற்கு மேல், ஒவ்வொரு வருடமும் ஒரு தொகை வரை வைத்தியச் செலவு முழுக்கக் கைக்காசுதான். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பது போல இவர் அந்தப் பிரீமியத்தைப் பற்றிக் கதைப்பார். மழையில் தொடங்கினாலும் மரணவீட்டில் தொடங்கினாலும் மூன்றாவது வசனத்தில் அங்கே வந்து நிற்பார். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

மனைவி அங்கேயே தவறிப்போனார். மகள் கல்யாணம் கட்டி அதே நாட்டில் வேறொரு ஊரில் இருந்தாள். ஏன் அண்ணை லண்டனுக்கு வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "இஞ்ச எங்கட ஆக்கள் கனபேர் எல்லோ. கதைக்க ஆள் இருக்கும் எண்டு வந்தனான்" என்றார். சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவத் தொடங்கினார்.

மணியத்தாரின் பலசரக்குக் கடைக்கு மேல் இரண்டு அறைகள். ஒன்றில் அவர், எதிரே நான். நடுவில் ஒரு பொதுச் சமையலறை. நான் காலையில் பெற்றோல் ஸ்டேஷனில் காசு வாங்கும் வேலை செய்துவிட்டுப் பின்னேரங்களில் இந்த மாதிரி எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். அவர் பின்னேரங்களில் கீழே கடையில் சாமான் அடுக்குவார். மூன்று வருடத்தில் எங்களைப் பார்க்க அந்தப் படிகளில் ஏறி வந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் மின்சார மீற்றர் பார்க்க வந்தவர்கள்.

அமெரிக்காவில் இருந்த, அவருக்கு மருமகன் முறையான உறவுக்காரர் ஒருவர்தான் போனில் அந்த விதையைப் போட்டார். அந்த நாட்டில் ஒருவர் தன் வைத்தியத்துக்கென்று தனியாக ஒரு கணக்குத் திறந்து, வரி இல்லாமல் காசு போட்டு வைக்கலாமாம். வைத்தியத்துக்கு மட்டும் எடுக்கலாமாம். எடுக்காத காசு கரையாமல் அடுத்த வருடத்துக்குப் போகுமாம். அண்ணைக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. லண்டனில் இந்த வசதி இல்லை என்று வங்கியில் சொன்னதும், "அரசாங்கம் திறக்காட்டி என்ன, நான் திறக்கிறன்" என்று சாதாரண சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து அதற்கு உடம்புக் கணக்கு என்று பெயர் வைத்தார். சுவிஸில் பிரீமியம் கட்டிய அதே தேதியில், அதே தொகையைப் பவுணாக்கிப் போட்டு வந்தார். "முந்தி கொம்பனிக்குக் குடுத்தன். இப்ப எனக்கே குடுக்கிறன்" என்பார்.

பிரச்சினை, எது வைத்தியச் செலவு என்பதில் வந்தது. சட்டம் இயற்றுபவரும் அவர், கணக்குப் பார்ப்பவரும் அவர், அபராதம் கட்டுபவரும் அவர். பாவற்காய் சீனி வருத்தத்துக்கு நல்லது, ஆகையால் உடம்புக் கணக்கு. ஆட்டிறைச்சி சாப்பாட்டுக் கணக்கு. முருங்கைக்காயில் நாலு நாள் இழுபட்டார். கடைசியில், காய் சாப்பாடு, இலை மருந்து என்று தீர்ப்பு வந்தது. குளிர்ச் சப்பாத்தை உடம்புக் கணக்கில் வாங்கிவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போய் வந்ததால் பாதி விலையைத் திருப்பிப் போட்டார்.

இந்தக் கணக்குக்கு எதிர்க்கட்சி சாந்தா அக்கா. அரசாங்க ஆஸ்பத்திரியில், வார்டில் நேர்ஸ்மாருக்கு உதவியாக வேலை செய்பவர். ஷிப்ட் முடிந்து தயிர் வாங்க வருவார். தயிர் வாங்க இரண்டு நிமிடம், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்று அண்ணையோடு வாதாட முக்கால் மணித்தியாலம். மணியத்தார் இதைத் தடுக்கவில்லை. சண்டை பார்க்க நிற்பவர்கள் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு எதையாவது வாங்குவார்கள்.

"என்ர மகன் குறைமாதத்தில பிறந்தவன்" என்பார் சாந்தா அக்கா. "கையளவு பிள்ளை. மாசக்கணக்கில கண்ணாடிப் பெட்டிக்க வைச்சுப் பாத்து உயிரோட தந்தவை. ஒரு சதம் கேக்கேல்லை."

"அதுதான் தங்கச்சி பிழை. பில் வந்தால்தானே எவ்வளவு செய்திருக்கினம் எண்டு தெரியும். காசு குடுக்கிறவன் கேள்வி கேப்பான். கேள்வி கேட்டால் அவன் ஒழுங்காச் செய்வான். ஒழுங்காச் செய்யாட்டி நான் அடுத்த கடைக்குப் போவன்."

"நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுந்து கிடக்கிறவன் எந்தக் கடைக்கு அண்ணை நடந்து போவான்?"

"விழ முதல் யோசிக்க வேணும்."

"சரி. உங்கட கணக்கு சுகமா இருக்கிறவனுக்கு நிரம்பும். பிறந்த நாளில இருந்து வருத்தக்காரனா இருக்கிறவன்ர கணக்கு என்னெண்டு நிரம்பும்?"

இந்தக் கேள்வி வந்தால் மட்டும் அண்ணை தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு, "உங்கட ஆஸ்பத்திரியில வரிசை எவ்வளவு நீளம் எண்டு சொல்லும் பாப்பம்" என்று வேறு பக்கத்தால் வருவார். அதைச் சாந்தா அக்காவும் ஒத்துக்கொள்வார். வரிசை நீளம்தான். இரண்டு பேரும் சரி என்பதால் வாதம் ஒருநாளும் முடியவில்லை.

நான் அவரோடு முதன்முதலில் ஜீபிக்குப் போனது மொழிபெயர்ப்பாளனாக. "எனக்கு ஜேர்மன் வரும், இங்கிலீஷ் வராது. நீர் வாரும்" என்று கூட்டிப் போனார். முழங்கால் நோவு. டொக்டர் களைத்த முகத்தோடு இருந்த இளைஞர், நல்லவர். அமுக்கிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேக்கு எழுதுகிறேன் என்றார்.

"என்ன விலை எண்டு கேளும்."

கேட்டேன். இலவசம் என்று டொக்டர் சிரித்தார்.

"ஆர் காசு குடுக்கினம் எண்டு நான் கேக்கேல்லை. என்ன விலை எண்டு கேட்டனான். திருப்பிக் கேளும்."

திருப்பிக் கேட்டேன். டொக்டருக்கு விலை தெரியவில்லை. அண்ணை என்னிடம் குனிந்து, "தான் விக்கிற சாமானுக்கு விலை தெரியாது. மணியத்தார் இப்பிடி வெங்காயம் வித்தால் கடை நிக்குமோ எண்டு கேளும்" என்றார். நான் டொக்டரிடம் நன்றி என்று மட்டும் சொன்னேன்.

"கேட்டனீரோ?"

"ஓம் அண்ணை."

"என்ன சொல்லுறார்?"

"யோசிக்கிறாராம்."

அண்ணைக்குப் பரம திருப்தி. அடுத்ததாக, மருந்தில் உயர்தரம், நடுத்தரம், மலிவு என்று மூன்று வகையும் காட்டச் சொன்னார். ஒரு வகைதான் இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்குள் எங்களுக்கு ஒதுக்கிய பத்து நிமிடம் முடிந்து அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கடைக்கு வந்து சாந்தா அக்காவிடம், "எல்லாருக்கும் ஒரே சாமான், வரிசையில நிண்டு வாங்க வேணும், விலை கேக்கப்படாது எண்டால் அது கடை இல்லை, அன்னதான மடம்" என்றார். "ஓம். அதில என்ன குறை கண்டியள்?" என்று அக்கா தயிரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போகத் தொடங்கினார். அரை மணித்தியாலத்துக்குக் காசு. உடம்புக் கணக்கில் இருந்துதான். என்னை ஒருமுறை கூட்டிப் போனார், வழக்கம்போல மொழிபெயர்க்க. நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அந்த லேடி டொக்டர் முழங்கால் எப்படி என்று கேட்டார். அண்ணை இங்கிலீஷில் தொடங்கினார். உடைந்த இங்கிலீஷ்தான், ஆனால் நிற்கவில்லை. முழங்காலில் இருந்து ஹோட்டல் சமையலறைக்குப் போனார், அங்கிருந்து பனிக்குப் போனார், மனைவிக்குப் பனியில் நடக்கப் பயம் என்றார், மகள் சின்ன வயதில் வரைந்த தோணிப் படம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். டொக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தெட்டாவது நிமிடத்தில் முழங்காலுக்கு ஒரு உடற்பயிற்சித் தாள் தந்தார். அதே தாளை அரசாங்க ஜீபியும் தந்திருந்தார்.

வெளியே வந்து, இங்கிலீஷ் தெரியாது என்றீர்களே அண்ணை என்று கேட்டேன்.

"பத்து நிமிசத்தில எனக்கு வராது தம்பி. அரை மணித்தியாலம் தந்தால் வரும்."

அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது. மூன்று வருடமாக அந்த மனிதருக்கும் எனக்கும் நடுவில் ஒரு சமையலறைதான் இருந்தது. நான் அவருக்கு ஒருநாளும் அரை மணித்தியாலம் கொடுத்ததில்லை.

தமிழ் ஆள் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் அண்ணை தவறாமல் பார்க்கப் போவார். எங்கள் ஆட்களுக்கு வருத்தம் பார்க்கப் போவது கல்யாணத்துக்குப் போவதை விடக் கட்டாயமானது. ஆனால் மற்றவர்கள் தோடம்பழமும் மால்ட் மாவும் கொண்டு போவார்கள். இவர் கல்குலேற்றர் கொண்டு போவார். மணியத்தாருக்கு நெஞ்சில் ஒப்பரேசன் நடந்தபோது கட்டில் ஓரம் நின்று, "இது சுவிஸில எண்டால் என்ன வரும் தெரியுமோ" என்று ஒவ்வொன்றாகக் கூட்டத் தொடங்கினார். கட்டிலுக்கு வாடகை, மயக்க மருந்து, தையல். கூட்டுத்தொகை கடையின் ஒரு வருட லாபத்தைத் தாண்டியபோது மணியத்தாரின் தலைமாட்டில் இருந்த மெஷின் கத்தத் தொடங்கியது. நேர்ஸ் ஓடி வந்து அண்ணையை வெளியே அனுப்பினார். மணியத்தார் பிழைத்து வந்து கல்லாவில் இருந்த பிறகும், அந்தத் தொகையை நினைத்தால் தனக்கு வியர்க்கிறது என்பார்.

இவ்வளவும் செய்த மனிதருக்கு வருத்தம் வந்தது ஒரு அரிசி மூட்டையால். தூக்கும்போது அடிவயிற்றில் ஏதோ பிதுங்கியது. குடலிறக்கம் என்றார்கள், சின்ன ஒப்பரேசன், காலையில் போனால் பின்னேரம் வீட்டுக்கு வரலாம். அரசாங்க வரிசையில் பெயர் போட்டார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அண்ணை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. இதற்காகத்தானே இத்தனை வருடம் சேர்த்தது. வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, "தங்கச்சி, நீர் வரிசையில நில்லும். நான் அடுத்த கிழமை வயித்தைத் தைச்சுக்கொண்டு வாறன்" என்று சாந்தா அக்காவுக்குச் சொல்லிவிட்டு, நன்றாக உடுத்திக்கொண்டு தனியார் கிளினிக்குக்குப் போனார். மூன்று வகையான விலை கேட்டார், மூன்றும் சொன்னார்கள். இரண்டு திகதி கேட்டார், இரண்டும் கொடுத்தார்கள். கணக்கில் காசு போதும். பேனாவை எடுத்துப் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. மயக்க மருந்து கொடுப்பதால், உங்களை வீட்டுக்குக் கூட்டிப் போய் இருபத்து நாலு மணித்தியாலம் கூட இருக்கப் போகிறவரின் பெயர்.

"இதுக்கு எவ்வளவு?" என்று கேட்டாராம்.

அது எங்களிடம் இல்லை என்று சொன்னாள் அந்தப் பெண். பகலில் மட்டும் நடக்கும் இடம், இரவுக்குக் கட்டில் கிடையாது. இரவில் வைத்திருக்கும் பெரிய இடத்துக்கு உடம்புக் கணக்கைப் போல இரண்டு கணக்கு வேண்டும். ஆள் இல்லாமல் ஒப்பரேசன் செய்ய மாட்டோம் என்று மரியாதையாகச் சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்தப் படிவம் சமையலறை மேசையில் சீனிப் போத்தலுக்குக் கீழே பல கிழமை கிடந்தது. பிறகு, யாரோ ஒருவர் வராமல் விட்ட இடம் என்று சொல்லி, அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தும் திகதி குறித்துக் கடிதம் வந்தது. அதிலும் அதே கட்டம். அண்ணை இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார்.

"காசு வாங்கிறவனும் இதைத்தான் கேக்கிறான் தம்பி. வாங்காதவனும் இதைத்தான் கேக்கிறான்."

நான் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டு நின்றேன். இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கேட்டால் போகலாம் என்று நான் நின்றேன். சொன்னால் சம்மதிக்கலாம் என்று அவர் இருந்தார். மகளுக்குச் சொல்லலாமே என்று மட்டும் கேட்டேன். "அவள் லீவு போட்டு வருவாள். அவளுக்கு வேலை புதுசு. வேண்டாம்" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கடைக் கண்ணாடியில், அறை வாடகைக்கு என்ற அட்டைக்கும் வீணை வகுப்பு என்ற அட்டைக்கும் நடுவில், அவருடைய குண்டு எழுத்தில் ஒரு புது அட்டை தொங்கியது:

"ஒரு நாளைக்குச் சொந்தக்காரர் தேவை. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து இருபத்து நாலு மணித்தியாலம் கூட இருக்க வேண்டும். சமையல் அவசியமில்லை. கதைக்கத் தெரிந்திருத்தல் விரும்பத்தக்கது. சம்பளம் பேசித் தீர்க்கலாம்."

தெரு சிரித்தது. ஆட்களும் வந்தார்கள். அண்ணை சமையலறை மேசையில் கோப்பு வைத்து நேர்முகப் பரீட்சை நடத்தினார். ஒரு மாணவன், வைஃபை வேகம் என்ன என்று முதலில் கேட்டான். "நான் முனகினால் என்ன செய்வீர்?" என்று இவர் கேட்க, ஹெட்போன் இருக்கிறது அங்கிள், பரவாயில்லை என்றான். இன்னொருவர் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே ஷிப்ட் செய்ய ஏலாது, மற்றப் பாதிக்கு மச்சானை அனுப்புகிறேன் என்றார். கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்து ஒரு அம்மா போன் எடுத்து, ஒரு நாளைக்கு மட்டும் சொந்தம் வேண்டாம் தம்பி, என்னிடம் நிரந்தரமாக ஒரு நல்ல இடம் இருக்கிறது, அவவுக்கும் ஆள் இல்லை என்று சாதகம் கேட்டார். அண்ணை நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

மூன்றாம் நாள் சாந்தா அக்கா அட்டையைக் கண்டார். கண்ணாடியில் இருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு நேரே படியேறி வந்தார். வேலை கேட்டு வந்தவர்களை விட்டால், எங்கள் வீட்டுக்கு வந்த ஆறாவது ஆள்.

"என்ன அண்ணை இது? நாங்கள் ஒருத்தரும் இல்லையெண்டோ இதை ஒட்டினியள்? ஒரு சொல்லு சொன்னால் சும்மா வரமாட்டமோ?"

அண்ணை கோப்பை மூடினார். வழக்கமான வாதம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"சுவிஸில ஒருக்கா நெஞ்சில சளி பிடிச்சு பதினொரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தனான் தங்கச்சி. மனுசி போய் ஒரு வருசம் ஆகேல்லை. கனபேர் போன் பண்ணினவை. எல்லாரும் வாறம் எண்டுதான் சொன்னவை. நான் கதவைப் பாத்துக்கொண்டு கிடந்தன். சும்மா வாறன் எண்டவை ஒருத்தரும் வரேல்லை. காப்புறுதிக் கொம்பனியில ஒரு பொம்பிளைப் பிள்ளை மட்டும் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து இண்டைக்கு எப்பிடி எண்டு கேட்டவள். அவள் சம்பளத்துக்குத்தான் எடுத்தவள். ஆனா எடுத்தவள்."

சாந்தா அக்கா அட்டையை மேசையில் வைத்தார். அன்றைக்குத் தனக்கு டியூட்டி, மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன் என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தயிர் வாங்க மறந்துவிட்டார்.

நான் என் அறைக்குள் போனேன். பிறகு சட்டை மாற்றி, தலை வாரி, வெளியே வந்து அவருடைய கதவைத் தட்டினேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக.

"என்ன?"

"வேலைக்கு வந்தனான் அண்ணை. அட்டை பாத்தன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இரும் என்றார். கோப்பைத் திறந்தார்.

"முன் அனுபவம்?"

"இல்லை."

"சம்பளம் என்ன எதிர்பார்க்கிறீர்?"

சும்மா என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுவார் என்று தெரியும். "பெற்றோல் ஸ்டேஷனில தாறதுதான். ஆனா இரவுக்கு ஒண்டரை மடங்கு" என்றேன். அவர் ஒன்றே கால் என்றார். நான் எழும்பினேன். சரி, ஒண்டரை, இரும் என்றார். இரண்டு பிரதியில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுத்து எழுத்தாக, அழுத்தி எழுதினார். எந்தப் படிவத்தில் என்று கேட்கிறீர்களா? அரசாங்கப் படிவத்தில்தான். "திகதி அதுதான் முதல்ல வருது. நான் கொள்கை மாறேல்லை எண்டு சாந்தாவுக்குச் சொல்லும்" என்றார்.

ஒப்பரேசன் நல்லபடியாக நடந்தது. டியூட்டியில் இருந்த சாந்தா அக்கா கீழே கன்ரீனில் தேத்தண்ணி வாங்கும் சாட்டில் நான்கு தடவை வந்து எட்டிப் பார்த்தார். மணியத்தார் கடையை முதல் தடவையாக நண்பகலில் பூட்டிவிட்டு, தோடம்பழப் பையோடு வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். கையில் அண்ணையின் கல்குலேற்றர். கண் திறந்த அண்ணையிடம் அதைக் காட்டி, "கூட்டட்டோ?" என்றார். அண்ணை சிரிக்கப் போய், தையல் இழுத்து, கத்தினார்.

மயக்கம் தெளியத் தெளிய அவர் பில் கேட்டார். இல்லை என்று நேர்ஸ் சொன்னதும் குழம்பிப் போனார். பில் இல்லாமல் எழும்ப மாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே போய் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்து, மனதில் வந்த ஒரு பெரிய தொகையைச் சொன்னேன்.

"அவ்வளவோ?" என்றார். விரலில் கணக்குப் பார்த்தார். "பரவாயில்லை. நல்லாத்தான் செய்திருக்கினம்" என்று கையை விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒப்பந்தத்தில் தொடக்க நேரத்தைக் குறித்தார். அவர் கட்டிலில், நான் கதிரையில். நான் சம்பளத்துக்கு வந்தவன், கதைப்பதும் வேலையில் சேர்த்தி. ஆகவே கதைத்தேன். பெற்றோல் ஸ்டேஷனைப் பற்றி, எழுதிக் கிழித்த கதைகளைப் பற்றி, ஏன் நான் கல்யாணம் கட்டவில்லை என்பதைப் பற்றி. அவர் கேட்டார். பிறகு அவர் சொல்ல நான் கேட்டேன். எனக்குச் சம்பளம் தந்து ஒருவர் என் கதையைக் கேட்டது அதுதான் ஒரே தடவை.

அடுத்த நாள் பின்னேரம் மணிக்கூட்டு முள்ளு அந்த நேரத்துக்கு வந்தது. அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். தலையணைக்குக் கீழே இருந்து கடித உறையை எடுத்துத் தந்தார். உள்ளே சதக்கணக்கில் சரியாக இருந்தது. நான் எழும்பிக் கதிரையைச் சுவரோடு தள்ளி வைத்தேன். கதவு வரை போய்விட்டேன்.

"தம்பி."

"ஓம் அண்ணை."

"உடம்புக் கணக்கில இன்னும் கொஞ்சம் கிடக்கு. இருக்க ஏலுமெண்டால் இரும்."

கதிரையைத் திரும்ப இழுத்துப் போட்டேன்.

சாந்தா அக்கா அண்ணையின் மகளுக்குப் போன் பண்ணிவிட்டார். அந்தக் கிழமையே அவள் வந்து இறங்கி, தகப்பனையும் என்னையும் மணியத்தாரையும் ஒரே மூச்சில் ஏசினாள். அந்த வருடக் கடைசியில் அண்ணை அவளோடு சுவிஸுக்குத் திரும்பிவிட்டார். எதிர் அறையை மணியத்தார் அப்பளப் பெட்டி அடுக்கப் பாவிக்கிறார். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. சாந்தா அக்கா வந்தால் இரண்டு நிமிடத்தில் தயிர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். வேறு யாராவது அரசாங்க வைத்தியத்தைக் குறை சொன்னால், அதெல்லாம் சரியாச் சொல்ல ஒருத்தர் இருந்தவர் என்கிறார்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். மயக்க மருந்து உண்டு. கடைசிப் பக்கத்தில் அதே கட்டம். சாந்தா அக்காவைக் கேட்கலாமா, மணியத்தாரைக் கேட்கலாமா என்று மூன்று நாள் தேத்தண்ணியைக் கலக்கினேன். நாலாம் நாள் சுவிஸுக்குப் போன் எடுத்தேன்.

"எத்தினை மணித்தியாலம்?" என்று கேட்டார்.

"இருபத்து நாலு. ரேட் என்ன அண்ணை? இரவுக்கு ஒண்டரையோ?"

மறுபக்கத்தில் குழந்தை ஒன்று சிணுங்குவது கேட்டது, பேரப்பிள்ளையாக இருக்கும்.

"காசு வேண்டாம்" என்றார். "சும்மா வாறன்."

விமானம் வியாழக்கிழமைதான். எதிர் அறையில் இருந்த அப்பளப் பெட்டிகள் முழுவதையும் நான் இன்றைக்கே கீழே இறக்கிவிட்டேன்.